ஓடாத நாவல கழட்டி மாட்டுன கதை: இரிடியம் கலசம், ஒரு புடி அரிசி, ஏமாத்துக்காரனோட பொண்ணு

பகல்ல மோட்டார் காயில் கட்டற வேலை. கடைய சாத்திட்டு வந்து ராத்திரி பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் நாவல் எழுதறேன், ரெண்டு வருசமா. போன தைல ஒருவழியா முடிச்சேன். 31 அத்தியாயம், ஏ4ல 188 பக்கம், ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு மூணு பேருகிட்ட குடுத்தேன். அக்கா அறுபது பக்கம் படிச்சுட்டு "நல்லா தான்டா இருக்கு"னு சொல்லி டிவி மேல வச்சுட்டா. அந்த "தான்"க்கு அர்த்தம் தெரியாத ஆளா நானு. அதுல இருந்து நாலு மாசமா அத கழட்டி கழட்டி மாட்டிட்டு இருக்கேன், அந்த ரிப்பேர் கணக்கு தான் இது.

கதை என்னன்னு மொதல்ல சொல்லிடறேன். அப்பன் இரிடியம் கலசம்னு (கோயில் கலசம் இரிடியம்ங்கற உலோகமா மாறி அரிசிய இழுக்குதுங்கற புருடா) சொல்லி ஊர் ஊரா ஏமாத்தறவன். 2016 மார்ச்சுல பொள்ளாச்சி பக்கம் ஒரு தோப்புக்காரர்கிட்ட பெரிய கை போட்டுட்டு, பணத்த எங்கயோ புதைச்சுட்டு தலைமறைவு ஆயிடறான். 2025ல அவன் பொண்ணு கயலுக்கு 16 வயசு, பாட்டி வீட்டுல இருந்து ஸ்கூலுக்கு போறா, அப்பன் செத்துட்டானா இருக்கானானே தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் ட்யூசன் முடிஞ்சு வரும்போது ஒருத்தன் பேர் சொல்லி கூப்புடறான், அதுல இருந்து ஓட்டம்.

இந்த யோசனை எனக்கு வந்ததே ஒரு பேப்பர் போட்டோவுல இருந்து. 2018ல டெல்லி போலீஸ் ஒரு அப்பாவையும் மகனையும் புடிச்சாங்க, "ரைஸ் புல்லர்", அதாவது அரிசிய இழுக்கற செம்பு தகடு, நாசாவுக்கு விக்கலாம்னு சொல்லி ஒரு வியாபாரிகிட்ட 1.43 கோடி வாங்கிருந்தாங்க. ரேடியேசன் படாம இருக்கனு பளபளனு விண்வெளிக்கு போறவங்க மாதிரி ஒரு டிரஸ் வேற. அந்த டிரஸ்ஸ போட்டு நிக்க வச்சு போட்டோ எடுத்திருந்தாங்க. எல்லாரும் அத பாத்து சிரிச்சாங்க, எனக்கு அப்பனும் மகனும் சேந்து பண்ணுனாங்கங்கறது தான் மண்டையில ஏறுச்சு. வீட்டுல ராத்திரி சாப்புடும்போது இத எப்படி பேசிக்குவாங்க? மகனுக்கு பதிலா சின்ன பொண்ணா இருந்தா?

சரி, ரிப்பேர்.

மொத ஃபால்ட்டு, பணம். 22வது அத்தியாயத்துல கயல் தோப்புல புதைச்சு வச்ச 2 கோடிய தோண்டி எடுத்து ஸ்கூல் பேக்ல அடைச்சுட்டு காம்பவுண்ட் ஏறிக் குதிச்சு ஓடுவா. எழுதும்போது எனக்கே கை நடுங்குச்சு. நாலு மாசம் கழிச்சு படிக்கறப்ப தான் சந்தேகம் வந்துச்சு, கடையில மெல்லிசு கேஜ் கம்பி எடை போட சின்ன தராசு ஒன்னு வச்சிருக்கேன், அதுல பத்து ஐநூறு ரூபா நோட்ட வச்சேன், பதினொன்றரை கிராம் காட்டுச்சு. ஒரு கோடிக்கு 20,000 நோட்டு. கணக்கு போட்டா 23 கிலோ, ரெண்டு கோடின்னா 46.

வீட்டுல பிரிக்காத அரிசி சிப்பம் ஒன்னு கெடந்துச்சு, 26 கிலோ. (25 கிலோ வரைக்கும் பாக்கெட்டுக்கு ஜிஎஸ்டினு 2022ல வந்ததும் மில்லுக்காரங்க 26 போட ஆரம்பிச்சுட்டாங்க, ஒரு கிலோவுல சட்டத்த தாண்டற மூளை, என் கதையில வர்ற அப்பனுக்கு கூட அவ்வளவு இல்ல.) அத முதுகுல தூக்கிட்டு மொட்டை மாடி படி ஏறிப் பாத்தேன். ஏறிட்டேன், ஆனா ஓடறதெல்லாம் முடியல, கீழ எறங்கும்போது முட்டி கடகடனு ஆடுச்சு, அம்மா "வயசான காலத்துல உனக்கு என்னடா வேண்டுதலா"னு கேட்டுட்டு போயிட்டாங்க. இது ஒரு கோடி எடை தான். 16 வயசு புள்ள இதுல ரெண்டு சிப்பம் மாதிரி தூக்கிட்டு சொவரு ஏறுவாளாம், எழுதிருக்கேன் நானு.

சரினு 50 லட்சமா குறைச்சேன், பதினொன்றரை கிலோ, ஸ்கூல் பேக்ல புக்கு கனம் மாதிரி தான் வரும், தூக்கிட்டு ஓடலாம். பிரச்சனை தீந்துச்சுனு நெனச்சேன்.

ரெண்டாவது காப்பி எங்க தெரு முக்குல டீக்கடைக்கு வர்ற ஒரு ரிட்டையர்டு ஏட்டய்யாகிட்ட இருந்துச்சு. மனுசன் கண்ணாடிய தூக்கி நெத்தியில வச்சுக்கிட்டு சொல்றாரு, "தம்பி, நீ சொன்னியே பணம், அது 2016 மார்ச்சுல பொதைச்சது தானே?"

"ஆமாங்கய்யா."

"ஐநூறு ரூபா நோட்டு?"

"ஆமாங்கய்யா."

"நவம்பர் எட்டாம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு டிவி பாத்தியா இல்லயா நீ?"

டீ தொண்டைக்குள்ள எறங்கல. 188 பக்கம் எழுதிருக்கேன், மூணு பேர் அந்த பணத்துக்காக சாகறாங்க, அந்த பணமே செல்லாது. அதோட விட்டாரா, 2017ல அதுக்கு தனி சட்டம் வந்துச்சு தம்பி, பழைய நோட்டு பத்துக்கு மேல வச்சிருந்தாலே குத்தம், பத்தாயிரம் இல்ல கையில இருக்கற தொகைக்கு அஞ்சு மடங்கு, எது ஜாஸ்தியோ அது அபராதம்னாரு. அப்ப என் கயல் 50 லட்சத்த தோண்டி எடுத்தான்னா ரெண்டரை கோடி அபராதம் வரும். டீக்கடைக்காரர் வரைக்கும் சிரிச்சாங்க.

புதைச்சது தங்கம்னு மாத்தலாம், வைரம்னு மாத்தலாம், நெறய பேர் அப்படித்தான் சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஏன்னா அப்ப தான் ஒன்னு புரிஞ்சுச்சு, என் கதையில எல்லாரும் பணத்த தான் தொரத்தறாங்க, கயல் சும்மா அதுக்கு வழி தெரிஞ்ச ஆளு. வழிய சொல்லிட்டா அவள விட்டுருவாங்க. அப்பறம் என்ன ஆபத்து? கத்தி காட்டறான், கார்ல ஏத்தறான், குடோன்ல கட்டிப் போடறான், எல்லாம் வெளிய இருந்து கொண்டாந்து மாட்டுனது. அவ யாரா இருந்தாலும் அதே கத்தி தான். அக்கா சொன்ன "தான்" அங்க தான் இருக்கு. ஒரு மாசம் ஃபைலயே தொறக்கல, ஆடி மாசம் வேற, போர்வெல் மோட்டார் நெறய வந்துச்சு.

மறுபடி ஆரம்பிச்சது கலசத்துல இருந்து. 3வது அத்தியாயத்துல அப்பன் கலசத்த நடு வீட்டுல வைக்கறான், ரெண்டடி தள்ளி எலையில இருக்கற அரிசி பறந்து வந்து ஒட்டுதுன்னு எழுதிருந்தேன். யூட்யூப்ல பாத்தத வச்சு எழுதுனது. தொழில்ல செம்போடயும் காந்தத்தோடயும் தான் கெடக்கறேன், நானே செஞ்சு பாக்காம எழுதுனது தப்பு தானே.

இந்த ஏமாத்து எதுல நிக்குதுன்னா, பாதி நிஜத்துல நிக்குது. கோபுரக் கலசத்துக்குள்ள தானியம் போடறது நிஜம், வரகு நெல்லு எல்லாம் போடுவாங்க, பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா கும்பாபிஷேகத்துல மாத்துவாங்க. இடிய அது தாங்கும்னு ஊர்ல சொல்றதும் எல்லாரும் கேட்டது தான். அதுக்கு மேல இவன் ஒரே ஒரு வரி சேக்கறான்: இடி விழுந்து விழுந்து உள்ள செம்பு இரிடியமா மாறிடுச்சு, அதான் தானியத்த இழுக்குது. கேக்கறவனுக்கு முக்கால்வாசி அவன் பாட்டி சொன்னது, அதனால கால்வாசியும் உள்ள போயிடுது.

இரிடியம்ங்கறது நிஜமாவே ஒரு உலோகம், 1803ல கண்டுபிடிச்சது, காரோட ஸ்பார்க் பிளக் முனையில கூட போடறாங்க. அது இடியில உருவாகாது, அரிசிய இழுக்காது, காந்தமும் கெடையாது. கனம் மட்டும் பயங்கரம், ஈயத்துக்கு ரெண்டு மடங்கு, ஒரு லிட்டர் சொம்பு அளவுக்கு கட்டியா இருந்தா இருபத்திரண்டரை கிலோ வரும். என் நாவல்ல அப்பன் "சுத்த இரிடியம் சார்"னு ஒத்த கையில கலசத்த தூக்கிக் காட்டறான். எடுத்துட்டேன் அந்த சீன.

பழைய ஹார்ட் டிஸ்க்க ஒடைச்சா உள்ள சின்னதா ரெண்டு காந்தம் இருக்கும், வெரல்ல மாட்டுனா ரத்தம் கட்டிரும், அவ்வளவு புடி. அதுல ஒன்ன பூஜை ரூம் செம்பு சொம்புக்குள்ள ஒட்டுனேன் (அம்மாகிட்ட சொல்லல). செம்பு காந்தத்துல ஒட்டாது, ஆனா காந்தத்தோட இழுப்ப தடுக்கவும் தடுக்காது, அதனால வெளியில இருந்து பாத்தா வெறும் சொம்பு. அரிசியில தான் ரெண்டு வாரம் போச்சு. இரும்புத் தூள பசையில கலந்து தடவுனேன், எலிப்புழுக்கை மாதிரி ஆயிடுச்சு. அப்பறம் பச்சரிசிய விட்டுட்டு புழுங்கல் அரிசிக்கு மாறுனேன், அது கெட்டி, ஒடையாது. இரும்பு நார்ல மயிரிழை அளவுக்கு எடுத்து உள்ள வைக்கற மாதிரி ஒரு வழி கெடைச்சுச்சு, எப்படினு முழுசா எழுத மாட்டேன், படிச்சுட்டு எவனாச்சும் சொம்ப தூக்கிட்டு கெளம்பிருவான். நாள் பூரா ஒக்காந்து ஒன்பது அரிசி தேத்துனேன், அம்புட்டு தான்.

ஒட்டுச்சு. ஆனா ரெண்டடி எல்லாம் இல்ல, ஒரு வெரக்கடை தூரத்துல தான் துள்ளுது. அதுவும் பறக்கல, டக்குனு குதிச்சு ஒட்டிக்குது, அந்த டக்கு தான் பயமா இருக்கு, செஞ்ச எனக்கே ஒரு செகண்டு ரோமம் நின்னுச்சு. இத கற்பனையில எழுதிருக்கவே முடியாது. கூடவே இன்னொன்னும் கெடைச்சுது, கடையில ஏசி செம்பு பைப்பு துண்டு ஒன்னு நல்ல தடிமனா இருந்துச்சு, அதுக்குள்ள காந்தத்த போட்டா தேன்ல போட்ட மாதிரி மெதுவா எறங்கும், செம்புல ஓடற சுழல் கரண்ட்டு அத தடுக்கறதால. எங்க தொழில்ல இது எல்லாருக்கும் தெரியும், தோப்புக்காரருக்கு தெரியாது. அப்பனோட ரெண்டாவது வித்தையா அத வச்சுட்டேன், "கலசத்தோட தண்டு சார், உள்ள சக்தி புடிச்சு நிறுத்துது பாருங்க"னு.

இப்ப தான் முக்கியமான இடம். ஒரு ஞாயித்துக்கெழமை அக்கா பொண்ணு வந்திருந்தா, ஆறாவது படிக்கறா. பெருமை தாங்காம ஒரு எலைய போட்டு ஒன்பது அரிசியும் பரப்பி சொம்ப கிட்ட கொண்டு போனேன். டக் டக் டக். கண்ண விரிச்சு பாத்தா. அஞ்சு செகண்டு தான்.

"மாமா, இந்த அரிசி வேணாம். நான் போய் டிரம்ல இருந்து எடுத்துட்டு வரேன், அத இழுக்கட்டும்."

போச்சு. பதினொரு வயசு புள்ள ஒரே வரியில மொத்தத்தையும் கவுத்துட்டா. நிஜத்துல பணம் குடுக்க வர்றவனும் இத தானே கேப்பான்? எந்த ஏமாத்துக்காரனா இருந்தாலும் இந்த கேள்விக்கு பதில் வச்சிருந்தா தான் தொழில் நடக்கும். அப்ப அப்பன் என்ன பண்ணுவான், அரிசி பார்ட்டி வீட்டு அடுப்படியில இருந்தே வரணும், ஆனா அவன் அரிசியா இருக்கணும். அவன் அடுப்படிக்குள்ள போக முடியாது, கூட சேந்து ஏமாத்தற பார்ட்னரும் போக முடியாது. யார் போனா யாரும் ஒன்னும் நெனைக்க மாட்டாங்க?

கூட வந்த சின்ன பொண்ணு.

"கண்ணு, உள்ள போய் அம்மாகிட்ட ஒரு புடி அரிசி வாங்கிட்டு வா சாமி." போகும்போதே அவ உள்ளங்கைல ஒன்பது அரிசி. அந்த வீட்டம்மா கொட்டறது மேல, இவ கொண்டு போனது அடியில.

நான் எழுந்து போய் மாடியில நின்னுட்டேன், சத்தியமா. ரெண்டு வருசமா எழுதுன கதையில கயல் எதுவும் தெரியாத பாவப்பட்ட புள்ள. இப்ப பாத்தா மொத்த ஏமாத்தும் நின்னதே அவ உள்ளங்கைல தான், அந்த வீட்டுக்காரங்க நம்புனது கலசத்த இல்ல, அவள. அந்த வீட்டுல அவளுக்கு பால் குடுத்திருப்பாங்க, தலை பின்னி விட்டிருப்பாங்க. அரிசி எப்படி வந்துச்சுனு கண்ணால பாத்த ஒரே சாட்சியும் அவ தான், பார்ட்னர் இன்னிக்கு வேற ஊர்ல பெரிய மனுசனா இருக்கான், அவனுக்கு அவ வாய் தொறக்கக் கூடாது. தோப்ப வித்து நடுத்தெருவுக்கு வந்த குடும்பத்துக்கு அவ வாய் தொறக்கணும். பணம் புதைக்கவே வேண்டியதில்ல. தேடற பொருளே அவ தான்.

மறுநாள் ஏட்டய்யாகிட்ட ஓடுனேன். "அய்யா, அந்த புள்ள மேலயும் கேஸ் வருமா?" அவருக்கு இந்த மாதிரி கேள்வின்னா உசுரு. விளக்குனாரு: ஏழு வயசுக்கு கீழ இருந்தா என்ன பண்ணாலும் குத்தமே கெடையாது. ஏழுல இருந்து பன்னெண்டுக்குள்ள இருந்தா, தான் பண்றது என்னன்னு புரிஞ்சுக்கற பக்குவம் அந்த புள்ளைக்கு இருந்துச்சானு பாப்பாங்க. பழைய ஐபிசில (இந்திய தண்டனைச் சட்டம்) 82, 83வது பிரிவு, இப்ப புது சட்டத்துல நம்பர் மாறிடுச்சு, விசயம் அதே தான்.

நான் நாவல்ல 2016ல அவளுக்கு ஆறு வயசுனு ஒரு எடத்துலயும் எட்டுனு ஒரு எடத்துலயும் எழுதிருந்தேன் (ஆமா, அது வேற ஃபால்ட்டு). இப்ப முடிவு பண்ணி ஏழு முடிஞ்சு ரெண்டு மாசம்னு வச்சுட்டேன், 2025க்கும் சரியா ஒக்காருது. ரெண்டு மாசம் முன்னாடி நடந்திருந்தா அவளுக்கு ஒன்னுமே இல்ல. ரெண்டு மாசம் தள்ளி நடந்ததால "உனக்கு தெரியுமா தெரியாதா"ங்கற கேள்வி ஆயுசுக்கும் இருக்கு. போலீஸ் கேக்கும், தோப்புக்காரர் மகன் கேப்பான், கண்ணாடி முன்னாடி அவளே கேட்டுக்குவா. எனக்கே அதுக்கு பதில் தெரியாம எழுதறது தான் இப்ப நல்லா போகுது.

சட்ட நம்பர்லயும் கைய வச்சாரு. என் இன்ஸ்பெக்டர் 2025ல "420ல போடுய்யா"னு கத்துவாரு. 2024 ஜூலை 1ல இருந்து நடந்த மோசடிக்கு புது சட்டமான பிஎன்எஸ்ல 318. ஆனா ஏமாத்துனது 2016ல, அதுக்கு பழைய 420 தான் வரும், பொண்ண தூக்குனது 2025ல, அதுக்கு புது சட்டத்துல 137, பணயமா வச்சு மிரட்டுனா 140. ஒரே ஸ்டேசன்ல ஒரே குடும்பத்துக்கு ரெண்டு சட்டப் புஸ்தகம். ஸ்டேசன்ல கேஸ் எழுதற ரைட்டர் ரெண்டையும் மேசை மேல வச்சுட்டு முழிக்கற மாதிரி சின்னதா ஒரு சீன் போட்டேன், ஏட்டய்யாவுக்கு அது தான் மொத்த நாவல்லயும் புடிச்ச எடம்.

மத்ததெல்லாம் சீக்கிரம் நடந்துச்சு. குடோன் போச்சு, சேஸ் ரெண்டு போச்சு, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல வர்ற குருட்டு பிச்சைக்காரர் (அவர் நிஜத்துல சிபிஐ, கேக்காதீங்க) போயிட்டாரு. கயல் ஏன் 112க்கு ஃபோன் பண்ணலங்கறதுக்கு முன்னாடி சார்ஜ் இல்லனு நாலு தடவ எழுதிருந்தேன், இப்ப ஃபோன்ல 80 பர்சென்ட் சார்ஜ் இருக்கு, நம்பர கூட அடிச்சுட்டா, பச்ச பட்டன் மேல வெரல வச்சுட்டு ஒக்காந்திருக்கா. 31 அத்தியாயம் 24 ஆச்சு.

ஒரே எடம் தான் ஒக்காரல. புது 17வது அத்தியாயம். தோப்புக்காரர் வீட்டுல அரிசியில தான் வேலை இருக்குன்னு எப்ப, எப்படி தெரிஞ்சுது? அப்பன் போனதும் கலசத்த ஒடைச்சா காந்தம் கெடைக்கும், சரி. அரிசி எங்க வீட்டு அரிசி தானே, அந்த புள்ள தானே கொண்டாந்துச்சுனு அவங்க நெனச்சுட்டே இருந்திருப்பாங்க. புள்ள பக்கம் சந்தேகம் திரும்ப ஒரு பிடி வேணும். டைரி, லெட்டர், சாகப் போறவனோட வாக்குமூலம்னு மூணு விதமா எழுதி மூணையும் கிழிச்சேன்.

நேத்து ராத்திரி இதையே யோசிச்சுட்டு ஒக்காந்திருக்கேன், அம்மா மொறத்துல அரிசி பொடைச்சுட்டு இருந்தாங்க. "டேய், இங்க வா. இது என்னடா அரிசிக்குள்ள கம்பி?"

கைல வச்சிருந்தாங்க. என் அரிசி. அன்னிக்கு அந்த வாண்டு டிரம்ல இருந்து எடுத்தத திருப்பி கொட்டும்போது எலையில இருந்ததையும் சேத்து கொட்டிருக்கா.

மொறத்த புடிச்சுட்டு அம்மா அப்படி பாத்த பார்வைய அப்பவே போய் எழுதிட்டேன். தோப்புக்காரரோட அம்மா, எல்லாம் போனதுக்கு நாலாம் நாள், வீட்டுல மிச்சம் இருக்கற அரிசிய பொடைக்கறா. மொறத்துல ஒரு அரிசி வெளிச்சத்துக்கு மினுக்குது. யாரையும் கூப்புடல. அத எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கறா, அன்னிக்கு தலை பின்னி விட்ட அந்த புள்ளையோட கைய நெனைக்கறா. ஒன்பது வருசம் கழிச்சு கயல் முன்னாடி அந்த முடிச்ச அவுக்கறது அந்த கெழவி தான், மகன் இல்ல.

இத எழுதி முடிச்சு வந்தா அம்மா டிரம்ம நடு வீட்டுல உருட்டிட்டு வந்து வச்சிருந்தாங்க. காந்தத்த துணியில சுத்தி அரிசிக்குள்ள விட்டு துழாவிட்டே இருந்தேன், மணி ஒன்னாச்சு. அம்மா எடுத்த ஒன்னோட சேத்து ஏழு. இன்னும் ரெண்ட காணோம், நேத்து மத்தியானம் சோறு ஆக்குனதும் இதே டிரம்ல இருந்து தான்.